பதினாலாம் நம்பர் கேள்வி: ஏழு வருட அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், அப்புறம் சான்றிதழ்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் வேலை. சேரன்மகாதேவியிலும் வீரவநல்லூரிலும் ஆளுக்கொரு பையன் உட்கார்ந்திருக்கும் சின்னக் கிளைகள் உண்டு. கவுண்டரில் அன்றாடம் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதிய ஒரு டாக்குமென்ட்டை 2018இலிருந்து நானே பராமரிக்கிறேன். 38 கேள்வியில் தொடங்கியது இப்போது 140ஐத் தாண்டிவிட்டது. வாரத்துக்கு இரண்டு மூன்று பதிலாவது மாறும்.

பதில் எழுதுவதில் எனக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை. படுத்தி எடுத்ததெல்லாம் நம்பர்தான்.

முதலில் தானாக நம்பர் போடும் வசதியை நம்பினேன். நடுவில் ஒரு கேள்வியைச் சொருகினால் கீழே இருப்பதெல்லாம் ஒன்று கூடிக்கொள்ளும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. 2019 ஜூன், கல்லூரி அட்மிஷன் நேரம். சான்றிதழில் பெயர் தப்பாக வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை ஒன்பதாவதாகச் சேர்த்தேன். சேரன்மகாதேவிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்ததோ பழைய பிரிண்ட். அதில் 14 என்றால் முதல் பட்டதாரி சான்று. புதிதில் அது 15 ஆகி, 14ஆம் இடத்துக்கு வாரிசுச் சான்று வந்து உட்கார்ந்திருந்தது. பையன் போனில், “அண்ணாச்சி, 14க்கு என்னென்ன வேணும்னு இவங்க வாட்ஸ்அப்புக்கு அனுப்பிருங்க” என்றான். நானும் 14ஐ அப்படியே காப்பி பண்ணி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு ஒருவர் நேராக அம்பாசமுத்திரத்துக்கே வந்துவிட்டார். செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். முதல் வரியே ‘தந்தையின் இறப்புச் சான்று’. “ஏ தம்பி, நான் கல்லுக்குண்டு மாதிரி முன்னால நிக்கேன். எனக்கு இறப்புச் சான்று கேக்கியளோ?” என்றார். அந்தப் பிள்ளை துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறது. எனக்குச் சிரிக்கவா மன்னிப்புக் கேட்கவா என்று தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, விண்ணப்பத்தை அன்றே போட்டு, காசு வாங்காமல் அனுப்பினேன்.

அடுத்து எழுத்தும் எண்ணுமாக மாற்றிப் பார்த்தேன். பட்டாவுக்கு ப-1, வருமானத்துக்கு வ-1 என்று. வாரிசும் ‘வ’தானே என்பது இரண்டாம் நாள்தான் உறைத்தது. போதாக்குறைக்கு, போனில் ‘ப’ சொன்னால் ‘வ’ என்று கேட்கும். நாலு மாதத்தில் கைவிட்டேன்.

அந்த நவம்பரில்தான் தென்காசி தனி மாவட்டமானது. ஆலங்குளம், கடையம் பக்கத்து ஆட்கள் எங்கள் கடைக்கு நிறைய வருவார்கள். திருநெல்வேலி மாவட்டம் என்று எழுதியிருந்த பதில்களில் பாதியை இரண்டாகப் பிரிக்க வேண்டிய நிலை. தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது ஜெராக்ஸ் எடுக்க வந்த ரிட்டயர்ட் சர்வேயர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நிலத்துக்குப் போடுற புல எண்ணைப் பாத்திருக்கேல்லா? 112/2 பாகம் பிரிஞ்சா 112/2ஏ, 112/2பி. அதுக்காகப் பக்கத்து வயக்காரன் 113, 114 ஆயிருவானா? ரீ-சர்வே வந்தாத்தான் நம்பர் மாறும். அப்பவும் பத்திரத்துல பழைய எண்ணையும் சேத்துல்லா எழுதுதோம்.”

அன்று ராத்திரியே எல்லாவற்றையும் மாற்றினேன். இன்று வரை அதே முறைதான். கேள்விக்குக் கொடுத்த நம்பர் கொடுத்ததுதான். புதுக் கேள்விக்குக் கடைசி நம்பருக்கு அடுத்தது. பிரிந்தால் 27அ, 27ஆ. தேவையில்லாமல் போன கேள்வியை அழிப்பதில்லை. பதிலை எடுத்துவிட்டு ‘நீக்கப்பட்டது, 63ஐப் பார்க்கவும்’ என்று தேதியோடு ஒரு வரி. அந்த நம்பரை வேறு எதற்கும் கொடுப்பதும் இல்லை. நம் அரசியலமைப்பிலும் இப்படித்தான். கல்வி உரிமையைச் சேர்த்தபோது 22ஐத் தள்ளிவிடாமல் 21ஏ என்று நுழைத்தார்கள். சொத்துரிமையைச் சொன்ன 31ஐ எடுத்த பிறகும் அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுக்கவில்லை. மொத்தமாக நம்பர் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 420ஐப் பாருங்கள். 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் மோசடிக்குப் பிரிவு 318(4). டீக்கடையில் யாராவது யாரையாவது “முந்நூத்திப் பதினெட்டு” என்று திட்டி நான் கேட்டதில்லை.

குறை இல்லாமல் இல்லை. பக்கத்தைத் தலைப்பு வாரியாக அடுக்குவதால் நம்பர்கள் 3, 87, 12 என்று தாறுமாறாகத் தெரியும். புதிதாகச் சேரும் பையன் முதல் வாரம் ‘41 எங்கே அண்ணாச்சி’ என்று தேடிக்கொண்டே இருப்பான். கடைசிப் பக்கத்தில் நம்பர் வரிசையில் ஒரு பட்டியல் வைத்த பிறகு அது குறைந்தது. அதைக் கையால்தான் திருத்த வேண்டும், நான் அடிக்கடி மறந்துவிடுவேன்.

இன்னொரு சிக்கலுக்குத் தீர்வு கிடைக்க இரண்டு வருடம் ஆனது. பதில் மாறினால் நம்பர் மாற வேண்டுமா? கட்டணமோ இணைக்க வேண்டிய காகிதமோ மாறினால் அதே நம்பர், கீழே ‘சரிபார்த்த நாள்’ மட்டும் புதிது. கேள்வியே வேறாகிவிட்டால் புது நம்பர். ஆறு மாதத்துக்கு முந்தைய சரிபார்த்த நாள் இருந்தால், அந்தப் பதிலைக் கவுண்டரில் சொல்லும் முன் எனக்கு போன் செய்ய வேண்டும். இந்த ஒரு தேதி வரி, நம்பர் முறையைவிட அதிகமாகவே எங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அன்று ராத்திரி எல்லாவற்றையும் மாற்றியபோதே முதல் பட்டதாரி சான்றுக்கு மறுபடி 14ஐயே கொடுத்துவிட்டேன். அட்மிஷன் சமயத்தில் யாராவது 14 என்றால், சேரன்மகாதேவிப் பையன் இப்போதும் ஒரு தரம் கேட்டுக்கொள்வான்: “அப்பா உசிரோட இருக்காங்கல்லா?”