எல்லாக் குப்பிக்கும் ஒரே விலை: பீடோங் வட்டாரத்தில் எசென்ஷியல் ஆயில் வாங்குவோர் கவனிக்கவும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கைப்பட்டாணி, குருண் பக்கம் கோயில் திருவிழாக் கடைகளிலும் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் முகநூல் நேரலையிலும் "குடும்பத் தயாரிப்பு" என்று சொல்லி மலிவு விலையில் எசென்ஷியல் ஆயில், அதாவது செடி, பூ, பட்டையிலிருந்து எடுக்கும் வாசனை எண்ணெய், விற்று வருகிறார்கள். 10 மில்லி குப்பி 15 வெள்ளி (ரிங்கிட்). அவர்களிடம் வாங்கிய தைலத்தைத் தடவி என் அம்மாவின் முழங்கால் தோல் வெந்து கொப்புளித்துப் போனது. விற்றவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது புகார் மனுவில் இருக்கிறது. ஆனால் அதே குப்பி உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கலாம், அதனால் நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா சின்ன வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு வெளிக்காட்டு வேலைக்குப் போனார். இப்போது இரண்டு முட்டியும் தேய்ந்து, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தடவுகிற தைலம் ஏதாவது நல்லதாகக் கிடைக்குமா என்று நான் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் திருவிழாவில் அந்தக் கடையைப் பார்த்தேன். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன். பின்னால் பெரிய பேனர், அதில் எண்ணெய் வடிக்கும் செம்பு வாலை ஒன்றின் படம்.

வாங்குவதற்கு முன்பே கேட்டேன், இதெல்லாம் எங்கிருந்து வருகிறது, கலப்படம் இல்லையே என்று. அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எல்லாம் எங்க சொந்த வாலையில வடிச்சதுக்கா. ஒரு சொட்டு கலப்படம் இருந்தா காசத் திருப்பி வாங்கிக்குங்க." பிறகு என் அம்மா வேலை செய்தது எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று அந்தப் பெண் விசாரித்தார். தன் மாமியாரும் பக்கத்து டிவிஷன்காரர் என்றார். அந்த நிமிடத்திலிருந்து என் அம்மா அவருக்கு "அத்தை" ஆகிவிட்டார். செரை (எலுமிச்சைப்புல்), கிராம்பு, லாவண்டர், மல்லிகை, சந்தனம் என்று ஐந்து சின்னக் குப்பி, அம்மாவுக்காக 100 மில்லி முட்டிவலித் தைலம் 45 வெள்ளிக்கு. அம்மாவின் பணத்திலிருந்து மொத்தம் 120 வெள்ளி கொடுத்தேன்.

ராத்திரி படுக்கும்போது தைலத்தைத் தடவினோம். நன்றாகச் சுடுகிறது, வலி கேட்கிறது என்றார் அம்மா. விடிந்து பார்த்தால் முட்டிக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து தடித்து, அரிசி அளவில் நீர்க்கொப்புளங்கள். சேலை உரசினால்கூடத் துடித்தார். கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் குப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் "100 விழுக்காடு சுத்தம்", ஒரு பூப்படம், பின்பக்கம் ஒரு கைபேசி எண். வேறு ஒன்றுமே இல்லை. இதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அங்கிருந்தே அந்த எண்ணுக்கு வாட்சாப் அனுப்பினேன். "அது எங்க தொழில் ரகசியம்கா" என்று பதில் வந்தது. அடுத்த செய்தி இன்னும் மோசம்: "உடம்புல உள்ள விஷம் வெளிய வருது, நல்லதுதான். நிறுத்தாம தடவச் சொல்லுங்க அத்தைய."

இந்த வரியைத்தான் எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தைலம் பட்ட இடம் கொப்புளிப்பது விஷம் வெளியேறுவது அல்ல. தோல் வேகிறது, அல்லது ஒவ்வாமை. கருவாப்பட்டை எண்ணெய், கிராம்பு எண்ணெய் போன்றவை மிகவும் காரமானவை. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் மாதிரி ஏதாவது ஒன்றில் மிகக் கொஞ்சமாகக் கலந்துதான் தோலில் பூச வேண்டும். ஒருமுறை உடம்பு அந்தப் பொருளுக்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், அடுத்த முறை ஒரு துளி பட்டாலே மறுபடி கிளம்பும். தொடர்ந்து தடவச் சொல்வது கொடுமை. டாக்டர் உடனே நிறுத்தச் சொல்லி களிம்பு கொடுத்தார். புண் ஆறிவிட்டது. கறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது.

அதன் பிறகுதான் மற்றக் குப்பிகளையும் எடுத்துச் சோதித்தேன். கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால் என்ற பொருள், அது தண்ணீரைவிடக் கனம். அசல் கிராம்பு எண்ணெயைத் தண்ணீரில் விட்டால் மேல்பரப்பில் ஒரு கணம் ஒட்டி நிற்கும், குச்சியால் தொட்டால் உருண்டு அடியில் போய் உட்காரும். பல்வலிக்கு வைக்க மருந்துக்கடையில் வாங்கிய கிராம்புத் தைலம் வீட்டில் இருந்தது. அதை ஒரு கண்ணாடி கிளாசில் விட்டேன், நேரே அடிக்கு இறங்கியது. இவர்களுடையதை இன்னொரு கிளாசில் விட்டேன். மேலே படலமாகப் பரவி வானவில் நிறம் காட்டியது. எவ்வளவு குத்தி அமுக்கினாலும் திரும்ப மேலே வந்தது. அடுத்தது லாவண்டர். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்து மறுநாள் பார்த்தேன். நல்ல லாவண்டர் எண்ணெய் ஆவியாகிப் போய்விடும், தாளில் எண்ணெய்ப்பசை நிற்காது. இதுவோ வடை மடித்த தாள் போல இருந்தது. செரை எண்ணெயும் அதே கதைதான். சந்தன எண்ணெயை இப்படிச் சோதிக்காதீர்கள். அது இயல்பிலேயே கனமானது, அசலாக இருந்தாலும் கறை விடும்.

இந்தச் சோதனைகளுக்கு ஓர் எல்லை உண்டு. தேங்காய் எண்ணெய் மாதிரி ஆவியாகாத எண்ணெயைக் கலந்திருந்தால் தாள் காட்டிக்கொடுக்கும். ரசாயன வாசனையைச் சேர்த்திருந்தால் தாளுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதற்கு ஜிசி-எம்எஸ் என்ற ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும்.

ஆனால் எந்தச் சோதனையும் தேவைப்படாத ஓர் அடையாளம் அவர்கள் விலைப்பலகையிலேயே இருந்தது. செரை 15 வெள்ளி, ரோஜா 15 வெள்ளி, மல்லிகை 15 வெள்ளி, சந்தனம் 15 வெள்ளி. மலிவு விலையில் நல்ல எசென்ஷியல் ஆயில் கிடைக்கவே கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. செரை, யூகலிப்டஸ், ஆரஞ்சு, காயு பூத்தே என்னும் மரத்தின் எண்ணெய் எல்லாம் நியாயமாகவே மலிவு. நூறு கிலோ பச்சைச் செரையை வடித்தால் அரை கிலோ எண்ணெய் கிடைத்தாலே நல்ல வடிப்பு என்பார்கள். புல் மலிவு என்பதால் விலை கட்டுப்படியாகிறது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கோ 3,000 முதல் 5,000 கிலோ வரை பூ வேண்டும். சந்தன எண்ணெய் வயிரம் பாய்ந்த கட்டையிலிருந்து வருவது. மரம் அந்தப் பருவத்துக்கு வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மொத்தமாக வாங்கினாலும் அதன் விலை இந்த 15 வெள்ளியைப் போலப் பல மடங்கு. புல்லுக்கும் சந்தனக்கட்டைக்கும் ஒரே விலை போடுகிறவர் எண்ணெய் விற்கவில்லை, வாசனை விற்கிறார்.

"சொந்த வாலையில் வடித்தது" என்பதையும் பாருங்கள். மல்லிகையை ஆவியில் வடித்து எடுப்பதில்லை. அந்தப் பூ சூடு தாங்காது, கரைப்பான் கொண்டுதான் வாசத்தைப் பிரித்தெடுப்பார்கள். லாவண்டர் குளிர்ந்த, வறண்ட மேட்டு நிலத்துப் பயிர். பல்கேரியா, பிரான்ஸ் நாடுகளிலிருந்து வருவது. இங்கே குனோங் ஜெராய் மலை அடிவாரத்து வெயிலுக்கும் மழைக்கும் அதை வளர்த்து வடித்தேன் என்று ஒருவர் சொன்னால், பேனரில் இருக்கும் வாலைப் படத்தை நம்ப வேண்டியதில்லை.

இதையெல்லாம் படம் பிடித்து அனுப்பிப் பணத்தைக் கேட்டேன். முதலில் "தண்ணீல எதுக்குக்கா போட்டுப் பாக்குறீங்க" என்றார். பிறகு கணவர் பேசினார். "விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், கடையில போர்டு இருந்துச்சே. சின்னக் குடும்பத்து வயித்துல அடிக்காதீங்க" என்றார். அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். வயிற்றில் அடித்தது யார்? தன் ஓய்வுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது என் அம்மா. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) விசாரித்தபோது இதே தைலத்தால் அரிப்பும் தடிப்பும் வந்த மூத்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். "நம்ம ஆளுங்க, போனாப் போவுது" என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருள் சொன்னபடி இருக்க வேண்டும். அப்படி ஒரு போர்டு மாட்டிவிடுவதால் அந்த உரிமை போய்விடாது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் கொடுத்தேன், கூடவே பயனீட்டாளர் நடுவர் மன்றத்திலும் மனு போட்டேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வைக்க அங்கே இடமில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். குப்பி, பணம் அனுப்பிய ரசீது, வாட்சாப் பேச்சு, கிளினிக் சீட்டு எல்லாம் வைத்திருந்தேன். விசாரணைத் தேதி குறித்து அழைப்பு போனதும் 120 வெள்ளியும் என் கணக்குக்கு வந்து சேர்ந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. நேரலை விற்பனை மட்டும் அப்படியே தொடர்கிறது.

பணத்தோடு இது முடிந்துவிடாமல் நான் எழுதுவதற்குக் காரணம், அந்த நேரலையில் இப்போது "குழந்தைச் சளித் தைலம்" விற்கிறார்கள். யூகலிப்டஸ், கற்பூரம் போன்றவற்றைக் கைக்குழந்தையின் மூக்கருகிலோ நெஞ்சிலோ தடவினால் மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. கற்பூரமோ யூகலிப்டஸ் எண்ணெயோ வாய்க்குள் போனால் சின்னப் பிள்ளைக்கு வலிப்பே வரலாம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் எதையும் தடவாதீர்கள். ஆஸ்துமா, இனிப்பு நீர் (நீரிழிவு) குணமாகும் என்றும் சொல்கிறார்கள். இந்த நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. இதைப் பற்றி மருந்தக அமலாக்கப் பிரிவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

வலி தீரும் என்று சொல்லி விற்கும் தைலத்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அழகுப் பொருளாகத் தோலில் பூச விற்றால் என்.ஓ.டி. என்று தொடங்கும் அறிவிப்பு எண். இரண்டையும் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையதளத்தில் தட்டிப் பார்க்கலாம். எண் இருந்தாலும் பொருளின் பெயரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். நாம் காலங்காலமாக வாங்கும் கோடாலித் தைலக் குப்பியில்கூட உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அச்சடித்திருக்கிறார்களே!

நேர்மையாக நடத்தும் சிறு குடும்பங்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள், அவர்களிடம் தாராளமாக வாங்குங்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் செடியின் தாவரவியல் பெயர், எந்த நாடு, இலையா பூவா பட்டையா, எந்தத் தொகுதி (பேட்ச்) எண், எப்போது காலாவதி என்று சொல்வார்கள். ஆய்வு அறிக்கை இருந்தால் அதில் உள்ள தொகுதி எண்ணும் குப்பியில் உள்ளதும் ஒன்றாக இருக்கும். பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில் தருவார்கள், ஏனென்றால் வெளிச்சம் எண்ணெயைக் கெடுக்கும், எண்ணெய் சில வகைப் பிளாஸ்டிக்கை அரிக்கும். பணத்தைத் தனியாள் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் எஸ்எஸ்எம் (நிறுவனங்கள் ஆணையம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆன்லைனில் விற்பவர் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம் காட்டியே ஆக வேண்டும்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் குப்பியைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. தோல் சிவந்தால் நிறைய சோப்பு போட்டுக் கழுவி, குப்பியோடு கிளினிக்குக்குப் போங்கள். மனு எழுதத் தெரியாது, மலாய் வராது என்று தயங்குகிறவர்களுக்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தமிழிலேயே உதவும். பீடோங் பக்கம் இருப்பவர்கள் இங்கே எனக்குச் செய்தி அனுப்பினால் மனுப் படிவத்தை நானே கூட உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். இந்தத் தைலத்தை வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முட்டி தேய்ந்த பழைய தோட்டத் தொழிலாளர்கள். முகநூல் பார்க்காதவர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பாட்டி, தாத்தா இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள், அலமாரியில் உள்ள குப்பியின் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.