மைக்கை இறக்கினால் சபை பாடுகிறதா? மதுரையில் ஒரு புதுமுறை ஆராதனை

ஆராதனை எப்படி இருந்தது என்று பார்க்க என்னிடம் ஒரு சோதனை உண்டு. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது, மேடையில் உள்ள எல்லா மைக்கையும் மிக்சரில் மெதுவாகக் கீழே இறக்குவேன். பாட்டு தொடர்ந்தால் அங்கே சபை பாடுகிறது என்று பொருள். சட்டென்று அமுங்கிப்போனால் இத்தனை நேரமும் நடந்தது கச்சேரி. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவனுக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் கிடைக்காது. கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம், கன்வென்ஷன் பந்தல் எல்லாவற்றுக்கும் பெட்டி கட்டிப் பழகிய காது இது. பிறந்ததோ, 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் வழிவந்த ஒரு கிராமச் சபையில். ஆர்மோனியமும் கீர்த்தனையும் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

இங்கே எழுதப்போவது பைபாஸ் சாலைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தின் ஞாயிறு மாலை ஆராதனையைப் பற்றி. காலையில் வழக்கமான பாமாலை ஆராதனை. அதில் கை வைக்கவில்லை. மாலையில் மட்டும் வாரத்துக்கு ஒரு முறையாகச் சுழற்சி: இளைஞர் இசைக்குழு, தெய்சே ஜெபம், கிராமிய இசை வழிபாடு. ஆலயத்தின் பெயரை எழுதவில்லை. அடுத்த இடமாற்றத்தில் ஆயர் மாறினால் இத்தனையும் மாறிவிடக்கூடும்; பெயரை நம்பி யாராவது ஆட்டோ பிடித்துப் போய் ஏமாந்து நிற்க வேண்டாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: என் வாடகையை முழுதாக வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இசைக்குழு வாரத்தை முதலில் முடித்துவிடலாம். பிள்ளைகள் வெள்ளிக்கிழமையிலிருந்தே ஒத்திகை பார்க்கிறார்கள். டிரம்ஸ் வாசிக்கும் பையனுக்குத் தாளக்கட்டு சுத்தம். திரையில் பாட்டு வரிகள் வருவதை மூத்தவர்கள் சிலர் திட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாமாலைப் புத்தகத்தின் பொடி எழுத்தோடு மல்லுக்கட்டிக் குனிந்து கிடந்த தலைகள் திரையைப் பார்த்து நிமிர்ந்திருக்கின்றன; நிமிர்ந்தால்தான் குரல் வெளியே வரும். ஆனால் வெள்ளை எழுத்துக்குப் பின்னால் வெள்ளை மேகத்தை ஓடவிட்டால் எவரால் படிக்க முடியும்? புகை இயந்திரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, முன்வரிசைத் தாத்தாமார் இருமலாலேயே சொல்லிவிட்டார்கள்.

உண்மையான கோளாறு சுருதியில் இருக்கிறது. முன்னணிப் பாடகருக்கு ஐந்து கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) சுகம். சபைக்கு ஒன்றரை, மிஞ்சினால் இரண்டரை. பல்லவியிலேயே ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறார்கள், பெண்கள் உதட்டை மட்டும் அசைக்கிறார்கள். மைக்கை இறக்கிப் பார்த்தேன். ஒரு குழந்தை மட்டும் பாடிக்கொண்டிருந்தது, அதுவும் வேறு பாட்டு. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திச் சுருதியை இறக்க அரை நிமிடம் ஆகாது. பாடகர் தன் குரலின் அழகை அரைப் பங்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

தெய்சே வாரம் எனக்கு ஓய்வு நாள். ஒரே ஒரு மைக். பிரான்சில் பர்கண்டிப் பகுதியின் தெய்சே என்ற சிற்றூரில் 1940-இல் சகோதரர் ரோஜர் தொடங்கிய துறவியர் குழுவின் ஜெபமுறை இது. பல நாட்டு இளைஞர்கள் அங்கே வந்து கூடியபோது, நாலு தடவை கேட்டாலே வாயில் வந்துவிடும்படியான குட்டிப் பாட்டுகள் தேவைப்பட்டன. ழாக் பெர்த்தியே என்ற இசையமைப்பாளர் அப்படிப் பல மெட்டுகளைப் போட்டுக்கொடுத்தார். அதே இரண்டு வரிகளைச் சபை திரும்பத் திரும்பப் பாடும், பிறகு நீண்ட மௌனம், பிரசங்கம் கிடையாது. என் சோதனையில் இது முழு மதிப்பெண்: மைக்கே இல்லாவிட்டாலும் பாட்டு ஓடும். தொல்லை எல்லாம் நம் ஊர்த் தொல்லை. மெழுகுவர்த்திக்காக மின்விசிறியை நிறுத்தினால் மே மாதத்தில் மனிதர்கள் அணைந்துவிடுவார்கள். விசிறியைப் போட்டால் மெழுகுவர்த்தி அணைந்துவிடும். மௌனத்தின் நடுவில் பைபாஸ் பஸ்ஸின் ஏர் ஹாரன் வேறு. சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் பின்வரிசையில் கதவோரம் உட்காருவது நல்லது.

நான் எழுத உட்கார்ந்தது மூன்றாவதற்காக.

அதற்கு முன் ஒரு வார்த்தை. கிராமிய வழிபாடு என்றதுமே “இதெல்லாம் நம் மரபிலேயே இல்லையே” என்று கமிட்டியில் ஒரு பெரியவர் எழுந்தாராம். எந்த மரபு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), குறத்தி வந்து குறி சொல்லும் குறவஞ்சியை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அன்றைக்கு அது எத்தனை பேர் புருவத்தை உயர்த்தியிருக்கும்! தென்னிந்தியத் திருச்சபையின் பிறப்பே ஒரு புதுமைதான். 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்த அது, அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்துக்கு 1950-இல் தனக்கென்று ஒரு முறையை வெளியிட்டது. சமாதானத்தைக் கைகளால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கடத்தும் வழக்கத்தைக் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் மரபிலிருந்து எடுத்து அதில் சேர்த்தார்கள். பிற்பாடு மேல்நாட்டுத் திருச்சபைகள் பலவும் தங்கள் வழிபாட்டில் அப்படி ஒன்றைச் சேர்த்துக்கொண்டன. அந்தப் பெரியவர் ஒவ்வொரு திருவிருந்திலும் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிக்கிறாரே, அது அவர் அப்பா காலத்தில் புதுமை.

கிராமிய இசை வழிபாட்டுக்கும் மதுரைக்கும் உள்ள உறவு ஆழமானது. அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு, பறட்டை அண்ணன் என்று எல்லாராலும் அழைக்கப்பட்டவர் (1940–2005), வழிபாட்டு முறையைத் தொடக்கம் முதல் முடிவு வரை நாட்டுப்புற மெட்டில் அமைத்தார். கர்நாடக இசையும் மேல்நாட்டுப் பாமாலையும் பயிற்சி பெற்றவர்களின் கையில் தங்கிவிடுகின்றன. நாட்டுப்புறப் பாட்டை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், காசும் வேண்டாம் சான்றிதழும் வேண்டாம் என்பது அவருடைய வாதம். அவரிடம் படித்த மாணவர்களும் கேசட்டுகளுமாக அந்தப் பாட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் அவருடைய இசையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி 2014-இல் வெளியிட்டிருக்கிறார். நம் சபைகளில் பாதிப் பேருக்குப் பறட்டையின் பெயரே தெரியாது.

ஆராதனை ஆறு மணிக்கு. ஐந்துக்கே போய்விடுங்கள், பார்க்க வேண்டியது வளாகத்தில் இருக்கிறது. வேப்பமரத்தடியில் பழைய செய்தித்தாளையும் காய்ந்த ஓலையையும் கொளுத்திப் பறையைக் காய்ச்சுகிறார்கள். தோலை நெருப்புக்கு மேல் ஒரு முழ உயரத்தில் பிடித்து, வட்டமாகச் சுற்றிச் சுற்றி, ஒரே இடத்தில் சூடு தங்காமல் காட்டுகிறார் மூத்த கலைஞர். நடுநடுவே விரலால் ஒரு சுண்டு. முதலில் ஈரத்துணியைத் தட்டினாற்போலச் சப்பையாக இருந்த ஓசை, ஐந்தாறு சுற்றுக்குள் இறுகி, கடைசியில் ‘கிண்’ என்று தெறிக்கிறது. உடனே நெருப்பிலிருந்து எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் விட்டால் தோல் பிளந்துவிடும் என்றார். மிக்சர் முன்னால் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தும் இவ்வளவு துல்லியமாகச் சுருதி கூட்டுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு கையில் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி, மறு கையில் குட்டையான அடிக்குச்சி; வேறு கருவி எதுவும் கிடையாது.

பறைக்கு நான்கு மைக் வேண்டும் என்று கமிட்டிக்காரர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. கான்கிரீட் கூரைக்குக் கீழே பறைக்கு மைக் வைப்பது கேட்பவர் காதுக்குச் செய்யும் அநியாயம். அதுவுமில்லாமல் அவர்கள் நின்று வாசிப்பவர்களும் அல்லர். அடவு போட்டு நடந்துகொண்டே வாசிப்பவர்கள். தலைவாசலில் தொடங்கி நடுப்பாதை வழியாக ஆராதனைப் பவனியாக உள்ளே வந்தார்கள். சாவு மேளம் என்று சொல்லி ஆலய வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட கருவி அது. அதை அடித்த கைகளின் பேரப்பிள்ளைகள்தான் சபையில் பாதிப் பேர். முதல் அடி விழுந்ததும் இடதுபக்கப் பெஞ்சில் ஓர் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இரண்டு பெஞ்சு பின்னால் ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தார். கடைசிவரை அவர் கைகளை அவிழ்க்கவே இல்லை.

பாட்டு எல்லாம் ஒருவர் எடுக்க எல்லாரும் திருப்பிச் சொல்லும் முறை. புத்தகம் வேண்டாம், திரை வேண்டாம். கடவுளைப் “பெத்தவரே” என்று அழைக்கும்போது அப்பாவும் அம்மாவும் அதற்குள் அடங்கிவிடுகிறார்கள். “ஆண்டவரை இப்படியா கூப்பிடுவது?” என்று என் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் முணுமுணுத்தார். ஆனால் பதில் பாட்டு வரும்போதெல்லாம் அந்த வரிசையில் அவர் குரல்தான் பெரிது. பாவ அறிக்கைக்குத் தாளம் மெதுவாகிறது, மன்னிப்பின் வார்த்தைக்குப் பின் துள்ளுகிறது. இந்த மாற்றத்தைச் சிறுபிள்ளைகள்கூடப் பிடித்துக்கொண்டார்கள். என் சோதனையைச் செய்தேன். எடுத்துப் பாடியவரின் மைக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். அவருக்கே தெரியவில்லை.

காணிக்கையைப் பிரசங்கத்துக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். காரணம் அரிசி. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொண்டுவந்த பிடியரிசியைப் பிள்ளைகள் ஓலைப் பெட்டிகளில் வாங்கி, வெளியே மூன்று கல் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பெரிய உலையில் போட்டார்கள். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் ஒன்றாக உண்பது பறட்டையின் இறையியலுக்கு மையம். உண்பதில் பிரிந்துகிடக்கும் சாதிகள் திருவிருந்தில் மட்டும் ஒன்றாகிவிட்டதாகப் பாவனை செய்யக் கூடாது என்றால், அப்பத்துக்கு அடுத்துச் சோறும் வர வேண்டும்தானே.

அடுப்பைக் கவனித்த பாட்டியிடம் எட்டிப் பார்த்தேன். ரேஷன் புழுங்கல், கடைப் பொன்னி, யாரோ தாராள மனத்துடன் போட்ட சீரகச் சம்பா, எல்லாம் ஒன்றாகப் புரண்டுகொண்டிருந்தன. “எல்லாம் ஒரே நேரத்தில் வேகாதே, பாட்டி?” என்றேன். “வேகாது ஐயா. அதனால்தான் பயறைப் போட்டுக் கஞ்சியாக்கிவிட்டேன்” என்றார்.

அதற்குப் பிறகு பிரசங்கம். இதுதான் இந்த ஆராதனையின் பலவீனமான இடம். அதுவரை தாளத்தோடு நடந்துவந்த வழிபாடு பீடத்தில் ஏறியதும் பழைய குரலுக்குப் போய்விட்டது: முப்பத்தைந்து நிமிடம், மூன்று தலைப்பு, ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று உட்தலைப்பு. உலை கொதித்தது, பிரசங்கம் கொதிக்கவில்லை. ஒரு கதையும் கேள்வியும் போதும், பதிலைச் சபை சொல்லட்டும் என்று அடுத்த நாள் ஆயரிடம் சொன்னேன். நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. குறித்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

திருவிருந்து முடிந்த கையோடு வளாகத்தில் பாய் விரித்துப் பந்தி. முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. கஞ்சி, தேங்காய்த் துவையல், நார்த்தங்காய் ஊறுகாய். சில பருக்கைகள் குழைந்தும் சில பல்லில் கடிபட்டும் இருந்தன. உப்பு ஒரு பிடி தூக்கல். நான் இரண்டாம் முறை வாங்கினேன். திருநெல்வேலிப் பக்கத்து அசன விருந்தின் ஆட்டுக்கறிக் குழம்பை எதிர்பார்த்து வருகிறவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரலாம்.

ஆசீர்வாதம் கூறி முடித்ததுமே நாலைந்து கார்கள் வெளியே போய்விட்டதையும் எழுதத்தான் வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடம், அவசர வேலை என்று காரணங்கள் இருக்கலாம். இசைக்குழு வாரத்தில் அதே கார்கள் எட்டரை மணிவரை நின்றதை நான் ஒயர் சுருட்டிக்கொண்டே பார்த்திருக்கிறேன். கைகளைக் கட்டியிருந்தவரின் காரும் அவற்றில் ஒன்று.

இந்த மாலையைப் பரிந்துரைக்கிறேனா? கிராமிய வாரத்துக்குக் கட்டாயம் போங்கள், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, கையில் ஒரு பிடி அரிசியோடு. தெய்சே வாரத்துக்குத் தனியாகப் போங்கள். இசைக்குழு வாரத்துக்கு, சுருதியை இறக்கினார்களா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். வண்டி நிறுத்த உள்ளே இடம் போதாது. ஆலயச் சுவரோரம் நிறுத்தினால் எதிர்வீட்டுக்காரருடன் வாக்குவாதம் நிச்சயம்.

கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம் மட்டும் மிச்சம். பந்தி முடிந்ததும் ஆண்கள் எல்லாரும் வேப்பமரத்தடியில் நின்று வழிபாடு எவ்வளவு புரட்சிகரமாக இருந்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் தட்டு கழுவியவர்கள் அத்தனை பேரும் பெண்கள். அரிசியைக் களைந்ததும் அடுப்பை ஊதியதும் அவர்கள்தான். அடுத்த முறை அந்தத் தட்டுகளை இசைக்குழுப் பையன்களிடமும் கமிட்டியிடமும் ஒப்படையுங்கள். பாட்டு வேண்டுமானால் குழாயடியில் ஒரு பெட்டி வைத்துத் தருகிறேன், அதற்கு வாடகை வேண்டாம்.