"டிஎல்எல் கோப்பு இல்லை" என்று வந்தால் யாருக்கும் பணம் கட்டாதீர்கள்: எனக்கு 7,498 ரூபாய் போனது

எங்கள் டிடிபி கடையில் இரண்டு கணினிகள். ஒன்று புதியது. இன்னொன்றில் விண்டோஸ் 7, 32 பிட், ராம் 2 ஜிபி. அந்தப் பழையதை ஏன் இன்னும் வைத்திருக்கிறோம் என்பது அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருளும் அதில்தான் ஓடுகின்றன. அந்த மென்பொருளின் டாங்கிளை, அதாவது அது ஓடுவதற்குச் சாவி போல இருக்கும் சின்னக் கருவியைச் செருகும் பிரிண்டர் போர்ட்டும் அதில்தான் இருக்கிறது. பத்து வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகள் அத்தனையும் அந்த எழுத்துருவில் இருக்கின்றன.

இப்போதெல்லாம் பத்திரிகை வாசகம் வாட்ஸ்அப்பில் யூனிகோடில், அதாவது கைபேசிகளில் ஓடும் பொது எழுத்துமுறையில், வருகிறது. அதை அப்படியே பேஜ்மேக்கரில் ஒட்டினால் வெறும் கேள்விக்குறிகள்தான் விழும். அதனால் யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித் தரும் ஒரு சின்ன இலவச மென்பொருளை, அதை எழுதியவரின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்கினேன். அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

திறந்தால் ஒரு பிழைச் செய்தி. "ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி-ரன்டைம்" என்று தொடங்கி டிஎல்எல் (மென்பொருள் ஓடத் தேவைப்படும் துணைக் கோப்பு) என்று முடியும் ஒரு கோப்பு கணினியில் இல்லை, மென்பொருளை மறுபடி நிறுவிப் பாருங்கள் என்றது. மூன்று முறை நிறுவினேன். அதே செய்தி. ஆவணி முகூர்த்தத்துக்கு இரண்டு பத்திரிகைகள் கையில் இருந்தன. பதற்றத்தில் அந்தக் கோப்பின் பெயரை அப்படியே தேடுபொறியில் போட்டேன். தப்பு அங்கேதான் தொடங்கியது.

முதலில் வந்தது விளம்பரம். அதைக் கவனிக்கவில்லை. "உங்கள் டிஎல்எல் பிழையைச் சரிசெய்ய" என்று பெரிய பச்சைப் பொத்தான். இறக்கி ஓட்டியதும் மூன்று நிமிடம் எதையோ தேடிவிட்டு, 1,873 கோளாறுகள் என்று சிவப்பில் காட்டியது. சரிசெய்ய வருடத்துக்கு 1,499 ரூபாய். கட்டினேன். கணினியை அணைத்துப் போட்டால் இப்போது வேறொரு டிஎல்எல் இல்லை என்று வந்தது.

அந்த மென்பொருளின் திரையிலேயே ஓர் உதவி எண் இருந்தது. அழைத்தேன். நல்ல தமிழில், பொறுமையாகப் பேசினார். "மேடம், நான் உங்க சிஸ்டத்தைப் பார்க்கணும்" என்று திரையைப் பகிரும் ஒரு மென்பொருளை நிறுவச் சொன்னார். பிறகு, கணினியில் நடப்பதைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து வரிசையாகச் சிவப்புக் குறிகளைக் காட்டினார். "பாருங்க மேடம், இத்தனை பேர் உள்ளே வந்திருக்காங்க." எனக்குக் கை நடுங்கியது. எந்த நல்ல கணினியில் திறந்தாலும் அங்கே அப்படிச் சிவப்புக் குறிகள் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்று வருடப் பாதுகாப்பு என்று 5,999 ரூபாய். அவர் பார்த்துக்கொண்டிருக்கும் அதே திரையில் என் டெபிட் கார்டு எண்ணையும் ஓடிபியையும் தட்டினேன்.

பணம் போனதைவிட எனக்கு வலித்தது அடுத்த நாள் நடந்ததுதான். பேஜ்மேக்கர் திறந்தது, ஆனால் எழுத்துரு மென்பொருள் டாங்கிளைக் காணவில்லை என்றது. அந்தச் 'சரிசெய்யும்' மென்பொருள், டாங்கிள் போன்ற கருவிகளை இயக்கும் பழைய டிரைவர்களையும் மாற்றி வைத்திருந்தது. இரண்டு நாள் வேலை நின்றது. பெண் வீட்டார் கடைக்கு வந்து நின்றபோது என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாலிடெக்னிக் படிக்கும் என் சித்தி மகன் வந்தான். முதலில் நெட் கேபிளைப் பிடுங்கினான். சிஸ்டம் ரீஸ்டோரில் நான்கு நாள் முன்னால் இருந்த நிலைக்குக் கொண்டுபோனான். டாங்கிள் வேலை செய்தது. அப்புறம் 'கம்ப்யூட்டர்' மேல் வலது சொடுக்கில் 'பிராப்பர்ட்டீஸ்' போய்ப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல சர்வீஸ் பேக் 1 கூட இல்லையே" என்றான். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பிறகு வெளியிட்ட பெரிய அப்டேட் தொகுப்பு அது.

அவன் சொன்னது இது. அந்தக் கோப்பு விண்டோஸ் 10 கூடவே வரும் ஒன்று. விண்டோஸ் 7 அதற்கு முந்தையது என்பதால் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் வழிகள் உண்டு: கேபி2999226 என்ற அப்டேட், அல்லது விஷுவல் சி++ 2015 ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற துணைக் கோப்புத் தொகுப்பு. 32 பிட் கணினிக்கு அதில் எக்ஸ்86 என்று போட்டிருப்பதை எடுக்க வேண்டும். ஆனால் இரண்டுக்குமே முதலில் சர்வீஸ் பேக் 1 இருந்தாக வேண்டும். புதிய கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து போட்டான். ஒரு மாலை நேர வேலை. செலவு எதுவும் இல்லை. மென்பொருளோடு வந்த ரீட்மீ கோப்பின் இரண்டாம் வரியிலேயே "விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1 தேவை" என்று எழுதியிருந்தது. நான் அதைத் திறக்கவே இல்லை.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள் அடிக்கடி வரும். "செல்லுபடியாகும் வின்32 அப்ளிகேஷன் அல்ல" என்று வந்தால், பெரும்பாலும் 64 பிட் கோப்பை 32 பிட் கணினியில் திறக்கிறீர்கள், இல்லையென்றால் பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கிறது. எக்ஸ்பி கணினியாக இருந்தால், அந்த மென்பொருள் எக்ஸ்பிக்குப் பிந்தைய விண்டோஸுக்காகவே உருவாக்கப்பட்டதாகவும் இருக்கலாம். "புரொசீஜர் என்ட்ரி பாயின்ட்" என்று தொடங்கி கெர்னல்32 என்று முடிந்தால், அந்த மென்பொருள் கேட்கும் வசதி உங்கள் விண்டோஸிலேயே இல்லை என்றுதான் அநேகமாக அர்த்தம். வெளியிலிருந்து எந்த டிஎல்எல்லைக் கொண்டுவந்து போட்டாலும் அது சரியாகாது. அதே மென்பொருளின் பழைய பதிப்பைத் தேடுங்கள். குரோம் கூட விண்டோஸ் 7-க்கு 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. உங்கள் கணினி கெட்டுவிட்டது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். கணினி நன்றாகத்தான் இருக்கிறது, மென்பொருள்தான் அதைத் தாண்டிப் போய்விட்டது.

இன்னொன்று. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்கள் பொதுப் பயனாளர்களுக்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதில் போய்க் கார்டு எண்ணைத் தட்டியது நான் செய்த பெரிய முட்டாள்தனம். இப்போது அந்தக் கணினிக்கு நெட் இணைப்பே கிடையாது.

கார்டை முடக்கினேன். இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன், ஆனால் அதற்குள் மூன்று நாள் ஆகியிருந்தது. பணம் போன அன்றே அழைத்திருந்தால் அது வேறு கைக்கு மாறும் முன் நிறுத்த வாய்ப்பு இருந்திருக்கும் என்றார்கள். ஓடிபியை நீங்களேதானே கொடுத்தீர்கள் என்கிறது வங்கி. 1,499 ரூபாய் ஒவ்வொரு வருடமும் தானாகப் பிடிக்கும்படி நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சின்ன எழுத்தில் ஒரு டிக் ஏற்கெனவே போட்டு வைத்திருந்திருக்கிறார்கள். அதை ரத்து செய்துவிட்டேன். போன பணம் இன்னும் வரவில்லை.

பத்திரிகைகளை ஒரு வழியாக அச்சடித்துக் கொடுத்துவிட்டோம். நேற்று ராத்திரி அந்தக் கோப்பின் பெயரைப் புதிய கணினியில் மறுபடி தேடிப் பார்த்தேன். அதே பச்சைப் பொத்தானோடு அந்தப் பக்கம் இன்னும் மேலேயேதான் இருக்கிறது. அந்த விளம்பரத்தைப் பற்றிப் புகார் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.