விடைக்குறிப்பு இல்லாமல் திருத்தும் கருவி: பண்பாட்டு ஒருமிப்பு ஆய்வு

தேர்வுத்தாளைத் திருத்த விடைக்குறிப்பு வேண்டும். ஆனால் நோய்களைப் பற்றியோ செடிகொடிகளைப் பற்றியோ ஒரு சமூகம் பொதுவில் என்ன அறிந்து வைத்திருக்கிறது என்று அளக்கப் போகும் ஆய்வாளரிடம் அது இருப்பதில்லை. அதைத் தேடித்தான் அவர் களத்துக்கே போகிறார். இந்த இக்கட்டுக்கு ராம்னி, வெல்லர், பாட்செல்டர் ஆகிய மூவர் 1986-இல் முன்வைத்த வழியே பண்பாட்டு ஒருமிப்பு ஆய்வு. என் களத்தரவுகளில் அதைத் தொடர்ந்து பயன்படுத்தி வரும் அனுபவத்தில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கருவியின் அடிப்படை எளியது. விடை அறிந்தவர்கள் ஒன்றையே சொல்வார்கள். அறியாதவர்களின் ஊகங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறும். ஆகவே தகவலாளிகள் (ஆய்வாளருக்கு விடை சொல்பவர்கள்) தமக்குள் எந்த அளவு ஒத்துப்போகிறார்கள் என்பதிலிருந்தே ஒவ்வொருவரின் அறிதிறனையும், அதாவது ஊகிக்காமல் விடை அறிந்திருக்கும் வினாக்களின் பங்கையும், கணித்துவிடலாம்.

மூன்று பேரிடம் 'ஆம், இல்லை' வகையில் 100 வினாக்கள் கேட்டதாக வைத்துக்கொள்வோம். முதலாமவரும் இரண்டாமவரும் 74 வினாக்களிலும், முதலாமவரும் மூன்றாமவரும் 70-இலும், பின்னவர் இருவரும் 65-இலும் ஒத்துப்போகிறார்கள். வெறும் ஊகத்திலேயே பாதி பொருந்திவிடும் என்பதால் அதற்கேற்பச் சரிசெய்தால் இவை 0.48, 0.40, 0.30 ஆகின்றன. இவை ஒவ்வொன்றும் உரிய இருவருடைய அறிதிறன்களின் பெருக்கற்பலன் என்கிறது கோட்பாடு. 0.48-ஐ 0.40-ஆல் பெருக்கி 0.30-ஆல் வகுத்தால் 0.64, அதன் வர்க்கமூலமான 0.8 முதலாமவரின் அறிதிறன். மற்ற இருவருக்கும் இதே வழியில் 0.6, 0.5 கிடைக்கும். ஒரு வினாவுக்குக்கூடச் சரியான விடை தெரியாமலே இத்தனையும் கைக்கு வந்துவிடுகிறது. காகிதத்தில் இதை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று உண்டான வியப்பு எனக்கு இன்னும் குறையவில்லை.

விடைகளை முடிவு செய்யும் படி இதைவிடப் பயனுள்ளது. முதலாமவர் 'ஆம்' என்றும் மற்ற இருவரும் 'இல்லை' என்றும் சொன்னால், அவரவர் அறிதிறனுக்கேற்ற எடையில் 'இல்லை' என்பதே வெல்கிறது. அறிதிறன் 0.8 உள்ளவர், ஊகத்தில் பொருந்துவதும் சேர்ந்து, பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொல்வார்; அவர் எடை 9. இதே வழியில் மற்ற இருவரின் எடைகள் 4, 3; அவற்றின் பெருக்கற்பலன் 12. ஆகவே 'இல்லை' வெல்வது 12-க்கு 9 என்ற விகிதத்தில், அதாவது ஏறத்தாழ 57 விழுக்காட்டு உறுதியோடு மட்டுமே. வெறும் பெரும்பான்மைக் கணக்கு இரண்டுக்கு ஒன்று என்று சொல்லி நின்றுவிடும். இக்கருவியோ எந்த விடையை நம்பி எழுதக்கூடாது என்பதையும் காட்டிக்கொடுக்கிறது.

தகவலாளிகள் பலராகும்போது யூசிநெட் மென்பொருளோ, ஆர் என்னும் கணினி மொழியில் இலவசமாகக் கிடைக்கும் ஆந்த்ரோடூல்ஸ் தொகுப்போ கணக்கைப் பார்த்துக்கொள்ளும். தகவலாளிகளின் ஒத்துப்போக்குக்குப் பின்னால் இருக்கும் பொதுப்போக்குகளை அவை காரணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வலிமையையும் ஐகன் மதிப்பு என்னும் எண்ணால் காட்டும். முதல் ஐகன் மதிப்பு இரண்டாவதைப்போல் மூன்று மடங்காவது இருந்தால் 'ஒரே பண்பாடு', அதாவது எல்லோருக்கும் ஒரே விடைக்குறிப்பு, என்று கொள்வது வழக்கம். என் முதன்மையான மனக்குறை இந்த வழக்கத்தின் மீதுதான். பலர் அதை ஒரு சான்றிதழாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கைப் பற்றி நடந்து 2008-இல் வெளியான ஆய்வு, ஒருமிப்பு இருப்பதாகத் தோன்றும் தரவுக்குள்ளேயும் வேறுபட்ட விடைக்குறிப்புகள் ஒளிந்திருக்கக்கூடும் என்பதைக் காட்டியது. இரண்டாவது காரணியில் யார் யார் ஒருபுறம் சேர்கிறார்கள் என்று பார்க்காமல் முடிவெழுதுவது தவறு என்றே நான் கருதுகிறேன்.

மற்றொரு குறை, நேர்காணல் நடந்த விதம் கருவிக்குத் தெரியாது என்பது. ஒருமுறை, என் கவனக்குறைவால், அடுத்து வரவேண்டிய தகவலாளி திறந்த கதவுக்கு வெளியே அமர்ந்து முந்தையவரின் விடைகள் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். கணக்கில் இருவரின் அறிதிறனும் மளமளவென்று உயர்ந்து நின்றது. ஒவ்வொருவரும் தனித்து விடை சொல்கிறார் என்பது கோட்பாட்டின் அடிப்படை நிபந்தனைகளுள் ஒன்று. அது உடைந்ததை எந்த எண்ணும் எனக்குச் சொல்லவில்லை. அந்த இரண்டு நேர்காணல்களையும் நீக்கவேண்டியதாயிற்று. எதற்கும் 'ஆம்' என்று தலையசைப்பவர்களும் இப்படித்தான் ஒருமிப்பை ஊதிப் பெருக்குவார்கள். அதனால் 'ஆம்', 'இல்லை' ஆகிய இரு விடைகளும் ஏறக்குறையச் சம அளவில் வரும் வகையில் வினாக்களை அமைக்கிறேன். அவற்றையும் தகவலாளிகள் முதலில் தாமாகச் சொன்ன சொற்களிலிருந்தே எடுக்கிறேன்.

பொதுவாக அறியப்பட்ட செய்திகளை அளக்க இக்கருவியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தனிப்பட்ட விருப்பங்களையோ சொந்த அனுபவங்களையோ அளக்க இது உதவாது. விடைகள் தரவரிசையாக இருந்தால், தகவலாளிகளுக்கிடையேயான ஒட்டுறவை (இருவரின் வரிசைகள் எந்த அளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை)க் கொண்டு கணிக்கும் எளிய வடிவம் உண்டு. அதில் ஊகத்துக்கான திருத்தம் கிடையாது என்பதால், அங்கே வரும் 0.6-ஐயும் மேலே கண்ட 0.6-ஐயும் ஒரே அட்டவணையில் அருகருகே வைக்கக்கூடாது.