ஆராய்ச்சிக்கு சீட் கிராண்டும் மென்டரும்: மட்டக்களப்பில இருந்து ரெண்டு வருஷ அனுபவம்

பிஎச்டி முடிச்சு கொஞ்ச வருஷமே ஆன பயோமெடிக்கல் ஆக்களுக்கு ஆராய்ச்சிய தொடங்க ஒரு சின்னத் தொகையும் (சீட் கிராண்ட்) வழிகாட்ட ஒரு மென்டரும் குடுக்கிற ப்ரோக்ராம் ஒண்டில 2022ல இருந்து 2024 வரைக்கும் இருந்தன். பேர் போடல்ல, ஏனெண்டா குறையும் சொல்லப்போறன், இப்பிடியான இடங்களுக்கு விண்ணப்பம் போடப்போற நம்மட கம்பஸ் ஆக்களுக்கு உதவும் எண்டுதான் எழுதுறன்.

என்ட விஷயம் மெலியோய்டோசிஸ் எண்ட நோய், அந்தக் கிருமிய வயல் மண்ணில தேடுறதுதான் வேலை. மண்ணிலயும் தண்ணியிலயும் இரிக்கிற பக்டீரியா, வயலுக்க வெறுங்காலோட நிக்கிற ஆக்களுக்கு கால் வெடிப்பால, புண்ணால உள்ள போகும், சுகர் உள்ள ஆக்களத்தான் கூடப் பிடிக்கும், நெஞ்சுக்க வந்தா டீபி மாதிரியே காட்டும். மட்டக்களப்பு படுவான்கரையில வெள்ளாமை செய்த என்ட மாமா ஒராள் டீபி எண்டு மாசக்கணக்கா மருந்து குடிச்சவர், இதுதான் எண்டு கண்டுபிடிக்கக்குள்ள பிந்திட்டு. அதாலதான் நான் இந்த வேலைக்கு வந்தன்.

மென்டர் வெளிநாட்டில இரிக்கிற ஒரு மைக்ரோபயோலொஜி மெடம், மாசம் ரெண்டு தரம் சூம்ல வருவா. முதல் நாள் ப்ரபோசலப் பத்தி ஒண்டும் கதைக்கல்ல, உங்களுக்கு சுகர் இரிக்கா, லெப்பில கிருமி நம்மில படாம வேலை செய்ற சேஃப்டி கெபினெட் ஒழுங்கா வேலை செய்யுதா எண்டு ரெண்டயும்தான் கேட்டா. இந்தக் கிருமியோட வேலை செய்ற ஆளிட்ட முதல் கேக்கவேண்டிய கேள்வி அது, எனக்கு அதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல்ல. மறுகா ப்ரபோசல எடுத்து நாலு நோக்கத்தில மூண்ட வெட்டினா. நான் கிருமிட டிஎன்ஏயத் தேடுற பிசிஆர் மெஷினுக்கு பட்ஜெட் போட்டிருந்தன், அத விட்டிட்டு முதல்ல கல்ச்சர, அதாவது கிருமிய ப்ளேட்டில வளர்த்துப் பாக்கிறத, ஒழுங்காச் செய்ங்க எண்டா. கிருமி வளர்க்கிற சாதாரண அகார்ல இது வளர்ந்தா சூடோமோனாஸ் எண்ட வேற பக்டீரியா எண்டோ, வெளிக் கிருமி விழுந்திட்டு எண்டோ தூக்கி வீசிருவாங்க, ஆஷ்டவுண் அகார்ல ஜென்டமைசின் எண்ட அன்டிபயோட்டிக்கும் கிரிஸ்டல் வயலட் எண்ட சாயமும் இரிக்கிறதால மத்ததுகள் அடங்கி இது ஊதா நிறத்தில சுருங்கின கொலனியா வரும், அதுக்கும் நாலைஞ்சு நாள் பொறுக்கோணும். ரெண்டாம் நாளே ப்ளேட்ட வீசுற பழக்கம் எனக்கும் இருந்திச்சு. மண்ண 30 சென்ரிமீற்றர் ஆழத்தில எடுக்கோணும் எண்டதும் அவ சொல்லித்தான் தெரியும். 2022ல கரண்ட் 13 மணித்தியாலம் வரைக்கும் போன நாள்கள் ஞாபகம் இரிக்கும்தானே, அப்ப எங்களுக்கு கரண்ட் வாற நேரத்தக் கேட்டு ராத்திரி 11 மணிக்கும் வந்து உக்காந்தா. இத நான் சாகும்வரை மறக்கமாட்டன்.

காசு விஷயம் மனம் நொந்துதான் சொல்றன். 2021 செப்டம்பர்ல டொலர் 200 ரூபா எண்ட கணக்கில பட்ஜெட் போட்டன், 2022 மே ஆகக்குள்ள 360 கிட்ட போயிட்டு, தொகை ரூபாவில முடிவானதால நினைச்ச கெமிக்கல்ல பாதிக்கு கொஞ்சம் கூடத்தான் வாங்க ஏண்டிச்சு. அதயாவது சமாளிச்சன், மழைய என்ன செய்ற? இந்த நோய் மழையோடதான் கூடும், வயல்ல தண்ணி நிக்கிற ஒக்டோபர் தொடக்கம் ஜனவரிக்குள்ள மண் எடுக்கிறதுதான் என்ட திட்டமே. ரெண்டாம் தவணைக் காசு ரிப்போர்ட், கையெழுத்து, மூண்டு கொட்டேஷன் எண்டு இழுபட்டு இழுபட்டு 2023 மார்ச்சில வந்திச்சு, அப்ப வெள்ளாமை வெட்டி முடிஞ்சு வயல் வெடிச்சுக் கிடக்கு. ரெண்டு வருஷ கிராண்டில ஒரு மாரி அப்பிடியே போச்சு. கொழும்பில ஒரே ஒரு ஏஜென்ட் விக்கிற போத்தலுக்கு மூண்டு கொட்டேஷன் எங்க போய் எடுக்கிற? மண் எடுக்க கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி போய்வாற ஓட்டோக் காசுக்கு பட்ஜெட்டில இடமே இல்ல, சம்பளத்தில இருந்து போட்டன்.

2023 மாரியிலதான் மண் எடுத்து முடிச்சன். ப்ரோக்ராம் முடிஞ்ச பிறகும் மெடம் விடல்ல, நெஷனல் சயன்ஸ் பவுண்டேஷனுக்கு பெரிய கிராண்ட் எழுதக்குள்ள ஒவ்வொரு பந்தியா பாத்துத் தந்தா.

மென்டருக்கு 5க்கு 5, காசு விடுற விதத்துக்கு 2. போடுற ஆக்கள் போடுங்க, ஆனா வயல், மழை, நுளம்பு எண்டு சீசனோட சம்பந்தப்பட்ட வேலை எண்டா ரெண்டாம் தவணை ஒக்டோபருக்கு முதல் வருமா எண்டு சைன் வைக்க முதல் எழுத்தில கேட்டு வாங்குங்க, போக்குவரத்துக்கு ஒரு வரியும் சேருங்க. மெடம் சிவப்பில வெட்டின என்ட முதல் ட்ராஃப்ட் இன்னும் கைவசம் இரிக்கு, ஆருக்கும் தேவையெண்டா கேளுங்க அனுப்புறன்.