‘ஒரே தடவையில் ஈறு சரியாகிவிடும்’ என்ற பேக்கேஜ்: தடைக்காலத்தில் பணம் கட்டுமுன் படியுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து விசைப்படகு ஆட்கள் தள்ளிப்போட்ட வைத்தியத்தையெல்லாம் அப்போதுதான் பார்ப்பார்கள். அது தெரிந்து ஆள் பிடிக்கிற பல் கிளினிக்கும் உண்டு. என் மச்சான் போய் மாட்டியது ராமநாதபுரம் டவுனில். பெயர் போடவில்லை.

மச்சானுக்குச் சர்க்கரை உண்டு, பீடியும் உண்டு. வாய் நாற்றம், கடைவாய்ப் பல்லில் லேசான ஆட்டம். “கடலுக்குப் போறவங்க நீங்க, திரும்பத் திரும்ப வர முடியாதுல்லண்ணே? லேசர் போட்டு ஒரே தடவையில முடிச்சிடலாம்” என்றார்கள். கேட்க அக்கறை மாதிரிதான் இருந்தது. ஆனால் நம்ம பக்கம் விசைப்படகு வாரத்தில் 3 நாள்தானே கடலுக்குப் போகிறது! முழுப்பணமும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். எக்ஸ்ரே இல்லை, சர்க்கரை அளவு கேட்கவில்லை. மறுபடி எப்போது வரணும் என்றதற்கு, “வலிச்சா வாங்க.”

ஏமாற்றே இதில்தான். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமலேயே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைத்துவிடும். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ரத்தம் கசிவதுகூடக் குறைவாகத்தான் தெரியும்.

அடுத்த தடைக்காலம் வருமுன்னே ஈறு வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. அதே இடத்துக்குப் போனால், “எலும்பு போயிடுச்சு, நாலு பல்லை எடுத்துட்டு இம்பிளாண்ட் வச்சிடலாம்” என்று புது பில் நீட்டினார்கள். பழைய ஃபைலைக் கேட்டால் கம்ப்யூட்டர் மாற்றிவிட்டார்களாம்!

அப்புறம் மதுரையில் ஈறு சிறப்பு மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறுக்குள் விட்டு, அவர் எண் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதிக்கொண்டார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள இடைவெளியின் ஆழம்தான் அந்த எண். 3 வரை பரவாயில்லை. மச்சானுக்கு 6, 7 என்று விழுந்தது. எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்தாலும் ஆழமான இடங்களில் கிருமி சில மாதங்களில் திரும்ப வந்துவிடும், அதனால் 3 மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்துச் சுத்தம் செய்யணும், நோய் அடங்கி இருக்குமே தவிர அடியோடு போகாது என்றார். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்கு வராது என்பதையும் சொன்னார். “அப்ப படகுக்கு அடியில ஒட்டி வளர்ற கொட்டலசு மாதிரி, சுரண்டிக்கிட்டே இருக்கணும்” என்றார் மச்சான். டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஒரு பல்லை மட்டும் எடுத்தார்கள். அந்த கிளினிக் எடுக்கச் சொன்ன மற்ற மூன்றும் இன்னும் வாயில்தான் இருக்கின்றன. ஆட்டமும் குறைந்திருக்கிறது.

எங்கே போனாலும் சரி, அந்த அளவுச் சீட்டுக்கு ஒரு நகலும் அடுத்து வரவேண்டிய தேதியும் எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரேயும் உங்களுடையதுதான், கேளுங்கள். இதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். எங்கள் பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். “டாக்டர் வெளியூர்” என்பதுதான் இதுவரை வந்த பதில். வேறு ஏதாவது சொன்னால் இங்கேயே போடுகிறேன்.