உப்புவெளியில் கொரியச் சாப்பாடு: கேட்காமல் வந்த தட்டுகள்

தங்கையின் கணவர் நான்கு வருடங்கள் கொரியாவில், அன்சான் நகரத்துத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்துவிட்டு வந்தவர். வந்த நாளிலிருந்து அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கிக்கொண்டிருந்தார். திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு கொரிய உணவகம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, போன ஞாயிறு இரவு அம்மாவையும் கூட்டிக்கொண்டு நால்வராகப் போனோம். கடையின் பெயரை இங்கே போடவில்லை.

உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஆறு சின்னத் தட்டுகள் மேசைக்கு வந்துவிட்டன: கிம்ச்சி, அவித்த கீரை, பயற்றம் முளை, வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு, பொரித்த நெத்தலி. மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதற்குப் பாஞ்சான் என்று பெயராம். கொரியாவில் சாப்பாட்டோடு இலவசமாகவே வைப்பார்களாம், தீர்ந்தால் மறுபடியும் தருவார்களாம். அம்மா கிம்ச்சியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது கோவாவுக்கு வினாகிரி ஊற்றிய அச்சாறு" என்று தள்ளிவைத்தார். அம்மா சொன்னது சரி. கிம்ச்சியின் புளிப்பு உப்பில் ஊறிப் புளித்து வரவேண்டியது, போத்தலிலிருந்து அல்ல. நெத்தலியை மட்டும் அம்மா விடவில்லை. பரிமாறிய தம்பி, "இன்னும் கொஞ்சம் கொண்டு வரட்டுமா அம்மா?" என்று மூன்று தடவை அன்பாகக் கேட்டான். நாங்களும் தலையாட்டினோம்.

பிபிம்பாப் இரண்டு எடுத்தோம். சூடான கல் சட்டியில் சோறு சீறிக்கொண்டு வரும், அடியில் பிடித்த பொருக்கைச் சுரண்டித் தின்பதுதான் சுகம் என்று மச்சான் வழியெல்லாம் சொல்லி வந்தார். சட்டி வந்தது, கையால் தூக்கலாம் போல ஆறியிருந்தது. கணவாய் போட்ட பாஜொன் அடையில் கணவாய் இரண்டே வளையம், அதுவும் கடலலை கேட்கும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. ராமியோன் பக்கெட் நூடில்ஸ்தான், ஆனால் அதில் குறை சொல்ல முடியாது, கொரியாவிலும் அப்படித்தானாம்.

சாப்பாடு சுமாராக இருந்ததற்காக நான் இதை எழுதவில்லை. பற்றுச்சீட்டுக்காக எழுதுகிறேன். எடுத்த சாப்பாட்டுக்கு 10,700 ரூபாய். அதற்குக் கீழே 'தொடுகறி 9' என்று ஒரு வரி, தட்டுக்கு 450 வீதம் 4,050 ரூபாய். அம்மாவின் நெத்தலி மூன்று தட்டும் அதற்குள் அடக்கம். மொத்தத்தின் மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதற்கும் மேல் வற் எனும் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். ஆக 19,145 ரூபாய் 50 சதம்.

உணவுப் பட்டியலை வாங்கி மறுபடியும் பார்த்தேன். தொடுகறிக்கு விலை எங்கேயும் இல்லை. காசாளரிடம் கேட்டால், "எல்லாரும் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள் அண்ணா" என்கிறார். மச்சான் பற்றுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வற் பதிவு இலக்கம் எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதிவு செய்யாத கடை அந்த வரியை அறவிட முடியாது. அந்த மனிதர் பதில் சொல்லவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை மட்டும் வெட்டி, லாச்சியிலிருந்து 2,920 ரூபாயை எண்ணி மேசையில் வைத்தார். வாதாடவே இல்லை. இதை முன்பும் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐம்பது சதத்தை அவரே வைத்துக்கொண்டார்.

தொடுகறிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். சாப்பிட்டதற்குத்தானே காசு என்றார். விலையைச் சொல்லாமல் வைத்தது அவர் பிழை, "இது எவ்வளவு தம்பி?" என்று வாய் திறந்து கேட்காதது என் பிழை. நீங்கள் போனால் முதல் தட்டு மேசையைத் தொடுமுன் கேட்டுவிடுங்கள். காசு கொடுக்குமுன் வற் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுநாள் காலை நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து விவரம் சொன்னேன். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொன்னார்கள். அந்த வழவழத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும் என்பதால், பேனாவால் வெட்டிய கோடு தெளிவாகத் தெரியும்படி இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.